குளிர்ந்த நிலையில் கொண்டுவரவும்

என்னுடைய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வருத்தம் இருந்தது. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும் காலை நேரத்தில் எடுத்தால் நின்றுவிடும். சூடேறிய பிறகு அதைப்போல ஒரு தங்கமான வண்டி எங்கள் ஊர் தேற்றாத்தீவிலேயே இல்லை. இதில் கதை சொல்ல என்ன கிடக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சோக்கை இழுத்துவிட்டால் முடிகிற வேலை. அந்தச் சோக்கை இழுப்பதற்கு எனக்கு மூன்று வருடத்துக்கு ஒரு மாதம் குறைவாகப் பிடித்தது.

பழைய வண்டியையும் வீட்டின் கடற்பக்கத்து அறையையும் சுனாமி கொண்டு போய்விட்டது. நானும் பெண்சாதி சீதேவியும் மிஞ்சினோம். பதின்மூன்று மாதம் கழித்து 'அலைக்குப் பின்' என்றொரு அமைப்பு எனக்கு இந்த வண்டியைத் தந்தது. வெளிநாட்டு அமைப்பு. மட்டக்களப்பு டவுனில் பெரிய அலுவலகம் போட்டிருந்தார்கள். நாங்கள் அதை அலைக் கந்தோர் என்போம்.

அந்த நாட்களில் எங்கள் கரையில் பெயர்ப்பலகை இல்லாத சாமான் கிடையாது. தோணிக்குப் பலகை, கிணற்றுக்குப் பலகை, கோழிக்கூட்டுக்கும் பலகை. எங்கள் பக்கத்து மலசலகூடத்துக்கு இரண்டு அமைப்புகள் உரிமை கொண்டாடி, கடைசியில் ஒன்று கதவின் உட்பக்கமும் மற்றது வெளிப்பக்கமும் பலகை அடித்தன. உள்ளே இருக்கிறவர் ஒரு நாட்டுக்கும், வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் இன்னொரு நாட்டுக்கும் நன்றி சொல்லவேண்டும்.

என் வண்டிக்கு வந்தது தகடு. இரண்டு சாண் நீளம், ஒன்றரைச் சாண் உயரம். 'மீண்டும் ஓடும் வாழ்வு. வழங்கியது: அலைக்குப் பின்' என்று நீலத்தில் எழுதியிருந்தது. வண்டியை ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் படம் எடுத்தால் இடப்பக்கம்தான் விழுமாம். ஆகையால் இடப்பக்கம், பெற்றோல் தாங்கிக்குக் கீழே, நான்கு ஓரமும் உள்ளே மடித்து, சட்டத்தோடு சேர்த்து நான்கு ஸ்குரூ முறுக்கி, ஒன்றின் தலையில் சிவப்பு மெழுகால் முத்திரையும் வைத்திருந்தார்கள்.

வண்டி கொடுத்த அன்று கந்தோரின் திட்ட முகாமையாளர் அழகரத்தினம் பேசினார். உச்சிவெயிலில் பேசினாலும் கழுத்துப்பட்டி கட்டித்தான் பேசுவார். சட்டைப் பையில் பேனைக்குப் பக்கத்தில் கந்தோர் முத்திரையும் இருக்கும். "நாங்கள் வழங்குவது மோட்டார் சைக்கிள் அல்ல. நம்பிக்கை. பயனாளிகளை நாங்கள் நூறு வீதம் நம்புகிறோம். அதனால்தான் பத்தொன்பது பிரிவுகள் கொண்ட ஒப்பந்தம் செய்கிறோம்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவு, தகட்டைக் கழற்றினாலோ வளைத்தாலோ துளையிட்டாலோ வண்டி மீளப்பெறப்படும் என்றது. எவனாவது மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுத் தகட்டைக் களவெடுப்பானா என்று யோசித்தபடியே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நாள் விடியலிலேயே வண்டி நின்றது. எனக்கு இறால் வியாபாரம். வாவிக்கரையில் தோணி ஒதுங்குகிற நேரத்தில் போய் இறால் எடுத்து, ஐஸ் போட்டு, காத்தான்குடிச் சந்தைக்கு வெயில் ஏறமுதல் கொண்டுபோகவேண்டும். ஒரு கிழமை பொறுத்துவிட்டு, காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கிற சாலிஹிடம் காட்டினேன். சாலிஹ் குந்தியிருந்து டோர்ச் அடித்துத் தகட்டின் இடுக்கால் பார்த்தான்.

"மூர்த்தியண்ணன், வண்டிக்கு ஒரு நோவுமில்ல. சோக்கும் இந்தத் தகட்டுக்குப் பின்னாலதான் இரிக்கு. காபரேட்டர் முறுக்குற ஸ்குரூவும் அங்கதான் இரிக்கு. எஞ்சின் குளிரா இரிக்கக்குள்ள பெற்றோல் கொஞ்சம் கூடக் கேக்கும். சோக்க இழுத்தாக் கிடைக்கும். ஒரு நிமிசத்தால திருப்பித் தள்ளிவிட்டாச் சரி. கழட்டுவமா?"

"டேய், கைய வைக்காத! முத்திரை இரிக்கு."

"அப்ப விரல் போற அளவுக்கு ஒரு ஓட்டை?"

"ஓட்டை போட்டா வண்டிய எடுத்துருவாங்க."

சாலிஹ் எழும்பிக் கையைத் துடைத்தான். "அல்லாவே! மூக்கப் பொத்திப்போட்டு மூச்சு விடு எண்டு சொல்ற கதையா இரிக்கே இது" என்றான்.

சரி, நிற்கட்டும், உதைப்போம் என்று இரண்டு வருடம் உதைத்தேன். நிற்கிற இடம்தான் பிழையாகப் போனது. என் வீட்டிலிருந்து முந்நூறு யார் தூரத்தில், பிரதான வீதிச் சந்தியில் ஆர்மியின் காவலரண், எங்கள் வாயில் சென்றி, இருந்தது. குளிர்ந்த எஞ்சின் அக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால்தான் ஓடும். சென்றியில் மெதுவாகத்தான் போகவேண்டும். கையை விட்டவுடன் எஞ்சின் செத்துவிடும். ஒவ்வொரு விடியலிலும், மண்மூட்டைக்கும் துவக்குக்கும் நேர் முன்னால் நின்று, முப்பது உதை.

முதலில் சென்றியில் நின்ற ஆர்மிப் பொடியன்கள் சிரித்தார்கள். ஒருவன் தள்ளியும் விட்டான். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு பிறந்தபிறகு யாரும் சிரிக்கவில்லை. வடக்கில் சண்டை இறுகிக்கொண்டு வந்தது. எங்கள் சென்றிக்குக் கண்ணாடி போட்ட ஒரு சார்ஜன் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் கொஞ்சம் பேசுவார். சத்தம் போடமாட்டார், அடிக்கமாட்டார். தடித்த மட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பி வைத்திருந்தார். எழுதுவார், அவ்வளவுதான்.

அந்தக் கொப்பியில் பெயர் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு நிலோஜன் காட்டித் தந்துவிட்டான். இரண்டு வீடு தள்ளி ஆச்சிப்பிள்ளையக்காவின் மகன். பத்தொன்பது வயது. அவனுடைய சைக்கிள் செயின் பழசு. அந்தச் சந்தி மேட்டில் மிதிக்கும்போது கழன்றுவிடும். மூன்று தரம் கழன்றது, மூன்று தரம் கொப்பியில் விழுந்தது. ஆவணி மாதக் கடைசியில் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து கொப்பியைப் பார்த்தார். அன்றைக்கே வீட்டுக்கு ஆள் வந்தது. "ஒரு சின்ன விசாரணை, மத்தியானம் சோத்துக்கு வந்திருவார்" என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். ஆச்சிப்பிள்ளையக்கா சோற்றை மூடி வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் சென்றிக்கு எதிரே, வீதியின் மறுபக்கம் வந்து நிற்பார். யாரும் அவரோடு கதைப்பதில்லை. நானும் கதைத்ததில்லை, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கார்த்திகைக் கடைசியில் சார்ஜன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் ஒவ்வொரு நாளும் இந்த இடத்தில மட்டும் நிக்குது?"

"எஞ்சின் குளிர், சேர்."

"முன்னுக்கு நிக்க இல்ல. பின்னுக்கு நிக்க இல்ல. இங்க நிக்குது. நீ முப்பது தரம் உதைக்கிற நேரம் எங்க எத்தின ஆள் எண்டு எண்ணலாம்."

அன்றிரவே யோசித்து, மறுநாள் முற்றத்தில் வைத்தே பத்து நிமிடம் எஞ்சினை முறுக்கிச் சூடாக்கினேன். சென்றியிலிருந்து இரண்டு பேர் படலைக்கு வந்துவிட்டார்கள். விடியமுதல் எஞ்சினை உறுமவிட்டு யாருக்குச் சைகை கொடுக்கிறாய்? கொப்பி. அதற்கடுத்த நாள் வண்டியை எடுக்காமல் உருட்டிக்கொண்டு சென்றியைக் கடந்தேன். ஓடுகிற வண்டியை ஏன் சத்தமில்லாமல் உருட்டுகிறாய்? கொப்பி. வீட்டிலேயே இருந்தேன். வழக்கமாக வருகிறவன் இன்றைக்கு ஏன் வரவில்லை? அதற்கும் கொப்பி.

கடைசியில் சார்ஜனே ஒரு வழி சொன்னார். "கந்தோர் குடுத்த பைக் தானே? கந்தோர் கடிதம் கொண்டு வா. குளிர்ல நிக்கும் எண்டு ஒரு வரி. மார்கழி முப்பத்தொண்டு, வருசக் கடைசி நாள், பெரிய ஐயா வாறார். கொப்பி அவர்ட்ட போகும்."

நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடாத குறை. சீதேவி சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். "ஒரு வரி தானே, தருவாங்க. அவங்கட வண்டிதானே?" என்றாள். பாவம், அவள் கந்தோருக்குப் போனதில்லை.

அழகரத்தினம் என்னை இருக்கச் சொல்லி, தேத்தண்ணியும் தந்து, முழுக்கக் கேட்டார். பிறகு கீழே வந்து வண்டியை ஒரு உதை உதைத்தார். பதினெட்டுக் கிலோமீற்றர் ஓடி வந்த வண்டி. பூனைக்குட்டிபோல உறுமியது.

"கேட்டீர்களா? என்ன இனிமையான சத்தம்!" என்றார்.

"சேர், இப்ப சூடு. குளிரா இரிக்கக்குள்ளதான் நிக்கும்."

"குளிரா? தம்பி, மட்டக்களப்பில் குளிர் எங்கே இருக்கிறது? நுவரெலியாப் பயனாளி ஒருவர் இப்படி முறையிட்டால் பரிசீலிக்கலாம். இந்த மாவட்டத்தில் குளிர்ப் பிரச்சினை இல்லையென்று எங்கள் அடிப்படை ஆய்விலேயே இருக்கிறது."

"விடியக்காலம வந்து பாருங்க சேர்."

"எட்டரைக்கு முன் கந்தோர் இல்லை. கண்ணால் காணாததை எழுதவும் மாட்டோம். அதுதான் எங்கள் வெளிப்படைத்தன்மை."

வண்டியை ஒரு நாள் விட்டுப் போகச் சொன்னார். அதை உருட்டிப் போய்க் கீழ்த்தட்டு ஏசி அறையில், சுனாமிப் படங்களுக்குக் கீழே நிறுத்தினார்கள். மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு நாலைந்து உத்தியோகத்தர்கள் படிவங்களோடு சூழ்ந்து நிற்க, அழகரத்தினம் உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்தது. வெளியே வரும்போதுதான் காவலாளி சந்தோசமாகச் சொன்னான்: "அருமையான பைக் அண்ணே. காலத்தால இடியப்பம் வாங்க எடுத்திற்றுப் போனன். முதல்ல நிண்டு நிண்டுதான் வந்தது, பிறகு நல்லா ஓடினது."

உள்ளே ஓடினேன். காவலாளியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவன் வேலை போய்விடும் என்று பயந்து, தான் இடியப்பமே சாப்பிடுவதில்லை என்றான். கந்தோருக்கு என்மேல் அன்றைக்குத்தான் சந்தேகம் பிறந்தது. ஒரு மேசையில் இருத்தி நாற்பத்திரண்டு கேள்விகள் கேட்டார்கள். உங்களுக்கு வேறு வண்டி உண்டா? வேறு அமைப்பிடம் வண்டி கேட்டிருக்கிறீர்களா? சுனாமி வந்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள், யார் பார்த்தது? நாற்பத்தியோராவது கேள்வியை அழகரத்தினமே கேட்டார்.

"ஏன் குறிப்பாகக் காவலரண் முன்னால் நிற்கிறது? அங்கே உங்களுக்கு என்ன வேலை?"

சார்ஜன் கேட்ட அதே கேள்வி! என்ன ஒற்றுமை பாருங்கள். சார்ஜனாவது துவக்கு வைத்திருந்தார், கேட்க ஒரு நியாயம் இருந்தது.

மார்கழி இருபதாம் திகதி கடிதம் வந்தது. ஒரு வரி கிடைத்துவிட்டது என்று சீதேவி உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே இருந்தது வேறு வரி: 'குறைபாட்டை நேரில் அவதானிக்கும் பொருட்டு மேற்படி மோட்டார் சைக்கிளைக் குளிர்ந்த நிலையில் இவ்வலுவலகத்துக்குக் கொண்டுவரவும்.' கீழே முத்திரை.

ஓட்டிப் போனால் சூடாகிவிடும். அப்படியானால் ஏற்றித்தான் போகவேண்டும். பின்னால் பெட்டி பூட்டிய ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிடித்தேன். சும்மா ஏற்றினாலும் வழியில் வெயில் பட்டுச் சூடாகிவிட்டது என்பார்கள், இவர்களை எனக்கு இப்போது தெரியும். நான் இறால்காரன். குளிரை எப்படிக் காப்பாற்றுவது என்று யாரும் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. எஞ்சினைச் சுற்றி உடைத்த ஐஸ் கொட்டி, உமி தூவி, ஈரச்சாக்கால் கட்டி, பெட்டியில் வண்டியைக் கிடத்தினேன். பெரிய சுறாவொன்று செத்துக் கிடப்பதுபோல இருந்தது.

சென்றியில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவன் நீளத் தடியால் தூர நின்று குத்தினான்.

"என்ன இது?" என்றார் சார்ஜன்.

"பைக், சேர்."

"ஏன் ஐஸ்?"

"கந்தோர் குளிராக் கேட்டது."

கடிதத்தைக் காட்டினேன். ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். எதிர்ப்பக்கம் நின்ற ஆச்சிப்பிள்ளையக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கந்தோரில் சாக்கைப் பிரித்து, வண்டியை நிமிர்த்தி, அழகரத்தினம் உதைத்தார். பிடிக்கவில்லை. பத்து உதை. இருபது. ஒருதரம் இருமிவிட்டு நின்றது. என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதுபோல எனக்குச் சந்தோசம் பொங்கியது. "பாத்தீங்களா சேர்? நிக்குது! நிக்குது!" என்று கத்தினேன்.

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன?"

"ஐஸ், சேர்."

"அதாவது, அமைப்பின் சொத்தின் மேல் நீங்கள் வேண்டுமென்றே வெளிப்பொருள் கொட்டி அதன் இயக்கத்தைத் தடுத்திருக்கிறீர்கள்."

"நீங்கதானே குளிராக் கொண்டுவரச் சொன்னது!"

"இயற்கையான குளிர் என்றுதான் பொருள். உம்மைப்போன்ற ஆட்களால்தான் உண்மையான பயனாளிகளுக்குக் கெட்டபெயர்." 'நீங்கள்' அந்த இடத்தில் 'நீர்' ஆகிவிட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சேர், எனக்குப் புதுவண்டி வேணா, ஒரு மண்ணும் வேணா. ஒரு வரி எழுதித் தாங்க. மாசம் முடியக் கொப்பி பெரியவர்ட்ட போகப் போகுது. எங்கட ஊர்ல ஒரு புள்ள செயின் கழண்டதுக்குப் போய் இன்னும் வரல்ல. நான் போனா என்ட பொஞ்சாதிக்கு ஆரு இரிக்கா?"

தட்டச்சுப் பிள்ளை ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அழகரத்தினம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

"உங்கள் உணர்வை மதிக்கிறோம். ஆனால் பாதுகாப்பு விடயங்களில் இந்த அமைப்பு நடுநிலை. அழிவு வந்தபின் உதவுவதுதான் எங்கள் துறை. பெயரிலேயே இருக்கிறதே."

என்ன சொல்ல! அதிலிருந்த உண்மை அவருக்கே விளங்கியிராது. ஆனாலும் ஐஸ் விவகாரம் கொழும்புத் தலைமைக் கந்தோர் வரை போய்விட்டது. குறைபாடு நிகழும் இடத்திலேயே, நிகழும் நேரத்திலேயே கள ஆய்வு செய்யும்படி உத்தரவு வந்தது. திகதி மார்கழி முப்பத்தொன்று. குறைபாடு நிரூபிக்கப்படாவிட்டால் வண்டி அன்றைக்கே மீளப்பெறப்படும்.

அன்றைக்கு ஐந்தேமுக்காலுக்கு என் படலைக்கு வெள்ளை வாகனம் வந்தது. அழகரத்தினமும் இரண்டு உத்தியோகத்தர்களும் இறங்கினார்கள். வீடியோக் கமரா, அளவுநாடா, வெப்பமானி, பெரிய டோர்ச், சந்தியின் கையால் வரைந்த படம் எல்லாம் கொண்டு வந்திருந்தார்கள். நான் ஓட்டினால் வேண்டுமென்றே நிறுத்துவேன் என்று தானே ஓட்டுவதாக அழகரத்தினம் சொன்னார். ஒருவர் முன்னே போய்ச் சென்றிக்கு எதிரே நின்று கமராவைப் பிடித்தார். மற்றவர் மண்மூட்டையிலிருந்து வீதிக்கு அளவுநாடா போட்டார். "சேர், அங்க படம் எடுக்கக்கூடா" என்றேன். "ஆய்வில் தலையிடாதீர்கள்" என்றார்.

முப்பத்துநாலு உதையில் வண்டி பிடித்தது. முறுக்கிக்கொண்டே போனார், நான் பின்னால் ஓடினேன். சென்றிக்கு நேரே வந்ததும் கையைத் தளர்த்தினார். வண்டி நின்றது.

உதைத்தார். உதைத்தார். கழுத்துப்பட்டி தோளுக்கு மேலே போய்விட்டது. ஆறாவது உதையில் மூன்று டோர்ச் அவர் முகத்தில் விழுந்தது.

"கைய மேல தூக்கு!"

கமரா, அளவுநாடா, டோர்ச் எல்லாம் கீழே விழ, எட்டுக் கை மேலே போனது. எட்டில் இரண்டு என்னுடையது. சார்ஜன் வந்து ஒவ்வொரு பொருளையும் எடுத்துப் பார்த்தார். சந்தியின் வரைபடத்தைத்தான் கனநேரம் பார்த்தார். அதில் சென்றியின் இடத்தில் சிவப்பில் 'சம்பவ இடம்' என்று எழுதியிருந்தது. ஒருவன் அதை வாசித்துச் சொன்னான்.

"என்ன சம்பவம்?" என்றார் சார்ஜன்.

"சேர், நாங்கள் நடுநிலை. நாங்கள் நடுநிலை" என்று அழகரத்தினம் மூன்று மொழியிலும் சொன்னார்.

"இந்த பைக் யார்ட?"

"எங்களுடையது, சேர். அமைப்பினுடையது."

"ஏன் இங்க நிக்குது?"

அழகரத்தினம் என்னைப் பார்த்தார். பிறகு துவக்கைப் பார்த்தார். "இது குளிர்ந்த நிலையில் நின்றுவிடும், சேர்! இது மட்டுமில்லை, நாங்கள் கொடுத்த அறுபது வண்டியும் நிற்கும். தகடு சோக்கை மூடிவிட்டது. முதல் மாதமே எங்களுக்குத் தெரியும். கழற்றினால் பெயர் தெரியாது என்று கொழும்பில் விடவில்லை."

முதல் மாதமே! நான் கையை மேலே வைத்துக்கொண்டே அந்த ஆளைப் பார்த்தேன். பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. கையைக் கீழே விட்டால் சுடுவார்கள் என்பதால் அவர் தப்பினார்.

"தகட்டுக்குப் பின்னால என்ன இரிக்கு?" சார்ஜன் ஒருவனிடம் திருப்புளி கொண்டுவரச் சொன்னார். முத்திரை உடைந்தது. நான்கு ஸ்குரூவும் கழன்றது. எல்லோரும் இரண்டடி பின்னால் போனோம். உள்ளே ஒரு குளவிக் கூடும், தூசி படிந்த சின்னச் சோக்கும்தான் இருந்தன. சார்ஜனுக்கும் சொந்தமாக ஒரு வண்டி இருந்திருக்கவேண்டும். குளவிக் கூட்டைத் தட்டிவிட்டு, விரலால் சோக்கை இழுத்து, ஒரு உதை உதைத்தார். பிடித்தது. ஒரு நிமிடம் பொறுத்துத் திருப்பித் தள்ளினார். சீராக ஓடியது.

"இவ்வளவுதானா?" என்றார்.

ஒருவன் கழற்றிய தகட்டைத் தூக்கி மண்மூட்டையில் சாத்தினான்.

"கடிதம்" என்றார் சார்ஜன். அழகரத்தினம் வண்டியின் சீற்றிலேயே தாளை வைத்து எழுதினார். 'இந்த மோட்டார் சைக்கிள் குளிர்ந்த நிலையில் இக்காவலரண் முன்பாகத் தினந்தோறும் நின்றுவிடும் தன்மையுடையது என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். இரண்டு பிரதி. ஒன்றைச் சார்ஜன் கொப்பியில் ஒட்டினார். மற்றதை எனக்குத் தந்தார். ஒரு மாதமாகக் கிடைக்காத வரி நான்கு நிமிடத்தில் கிடைத்தது.

பின்னேரம் ஜீப் வந்தது, போனது. என் படலையில் நிற்கவில்லை. சீதேவி கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விக்கி விக்கி அழுதாள். நானும் அழுதேன்.

அடுத்த நாள் விடியல், தை முதலாம் திகதி. சோக்கை இழுத்தேன், ஒரு உதை, ஒரு நிமிடம் பொறுத்துத் தள்ளினேன். மெதுவாகச் சென்றியைக் கடந்தேன். எஞ்சின் நிற்கவில்லை. ராசாபோலப் போனேன். பின்னால் விசில் கேட்டது.

"இண்டைக்கு ஏன் நிக்க இல்ல?" என்றார் சார்ஜன்.

"சரியாகிற்று, சேர். நீங்கதானே சோக்க இழுத்த?"

"எனக்குத் தெரியும். கொப்பிக்குத் தெரியாது." கொப்பியைத் திறந்து கடிதத்தைக் காட்டினார். "தினந்தோறும் நிக்கும் எண்டு இரிக்கு. இனி நிக்காட்டி கடிதம் பொய். பெரிய ஐயா கேட்டா நான் என்ன சொல்றது? சரியாகிற்று எண்டு கந்தோர்ல ஒரு வரி வாங்கு."

கந்தோருக்குப் போனேன். தகடு கழன்றதற்கு ஆர்மிதான் காரணம் என்பதால் வண்டியை விட்டுவைத்திருந்தார்கள். கழுத்துப்பட்டி பழைய இடத்துக்கு வந்திருந்தது. அழகரத்தினம் ஒன்றுமே நடக்காததுபோலப் பேசினார்.

"குறைபாடு நீங்கியது என்று எழுதவேண்டுமானால், குறைபாடு இருந்ததாகக் கோப்பில் இருக்கவேண்டும். கோப்பில் அப்படியொன்று இல்லை."

"நீங்க எழுதித் தந்த கடிதம்?"

"அது கோப்புக்கு வெளியே, எனது தனிப்பட்ட அச்சத்தில் கொடுத்தது."

அதன்பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் சோக்கை இழுத்து, எஞ்சினை வடிவாகச் சூடாக்கி, சென்றிக்கு முன்னால் போய்ச் சாவியை நிறுத்துவேன். சாவியைப் போடாமலே முப்பது தரம் உதைப்பேன். சார்ஜன் வேறு பக்கம் பார்ப்பார். எண்ணி முடிந்ததும் சாவியைப் போட்டு ஒரு உதை, போய்விடுவேன். "சோக்க இழுத்தயளா?" என்று சீதேவி கேட்பாள். இழுத்தேன் என்பேன். "நிண்டதா?" என்பாள். நிப்பாட்டினேன் என்பேன்.

வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். டவுனில் வெடி கொளுத்தினார்கள். அடுத்த நாளும் நான் நின்று முப்பது உதைத்தேன். சார்ஜன் மாறிப் போனார், இன்னொருவர் வந்தார், கொப்பி அதே கொப்பி. அடுத்த வருடம் அலைக் கந்தோரும் மூடப்பட்டது. இந்தப் பக்கத்தில் அழிவு முடிந்துவிட்டதாம். அந்தக் கட்டடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள்.

ஒரு நாள் காலை போகிறேன், சென்றி இல்லை. இரவோடு இரவாக ஏற்றிப் போய்விட்டார்கள். மண்மூட்டை இருந்த இடத்தில் புல் வெளிறிக் கிடந்தது. நிற்கத் தேவையில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கை தன் பாட்டில் போய்ச் சாவியை நிறுத்திவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் ஆச்சிப்பிள்ளையக்கா நின்றார். இத்தனை நாளில் முதல் தடவையாக வீதியைக் கடந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, கொப்பிய எங்க கொண்டு போயிரிப்பாங்க?"

"தெரியா அக்கா."

"உனக்குக் கடிதம் தந்தாங்கதானே. அந்தக் கந்தோர்ல எனக்கும் ஒரு வரி கேட்டு எடுத்துத் தாவன். செயின் பழசு, அதான் கழண்டது எண்டு."

கந்தோர் இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கண்ணால கண்டாத்தான் எழுதுவாங்க அக்கா" என்று ஏதோ உளறினேன்.

"வந்து பாக்கச் சொல்லு. சைக்கிள் வீட்டதான் கிடக்கு. எல்லாரும் செயின மாத்தச் சொன்னாங்க, நான் மாத்தல்ல. வந்து மிதிச்சுப் பாக்கட்டும் தம்பி, இப்பவும் கழலுது."